ஸ்டீராய்டு எடுப்பவர் ரத்தம் கொடுக்கும் முன்: ஹெமட்டோக்ரிட், இரும்புச்சத்து, ரத்த வங்கிப் படிவம்

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் குடுத்துடு, ஒண்ணும் ஆகாது." தசை வளர்க்க ஸ்டீராய்டு ஊசி போட ஆரம்பிக்கும் எல்லோர் காதிலும் விழும் அறிவுரை இது. ரத்தம் கெட்டியாவது நிஜம், ஒரு பை எடுத்தால் அளவு இறங்குவதும் நிஜம். ஆனால் எந்த எண்ணைப் பார்த்துக் கொடுப்பது, எந்த எண்ணைப் பார்த்து நிறுத்துவது, அந்த ரத்தம் யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் இந்த அறிவுரை சொல்வதில்லை. அதனால்தான் வருடக்கணக்கில் ஒழுங்காகக் கொடுத்தவர்கள்கூட இரும்புச்சத்து வற்றிப்போய், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் நிலையில் மருத்துவரிடம் வந்து நிற்கிறார்கள்.

ரத்தம் ஏன் கெட்டியாகிறது

டெஸ்டோஸ்டிரோனும் அதைச் சார்ந்த அனபாலிக் ஸ்டீராய்டுகளும் இரண்டு வேலை செய்கின்றன. சிறுநீரகத்திலிருந்து வந்து எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்லும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூட்டுகின்றன. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடினைக் குறைக்கின்றன. ஹெப்சிடின் என்பது இரும்புச்சத்துக்கு வைத்த பூட்டு. அது தளர்ந்தால் குடல் கூடுதலாக இரும்பை உறிஞ்சும், சேமிப்பில் இருப்பதும் வெளியே வரும். எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையும் மூலப்பொருளும் சேர்ந்தே கிடைத்துவிடுவதால் சிவப்பணு உற்பத்தி ஏறுகிறது. ஆக்ஸிமெத்தோலோனையும் நான்ட்ரோலோனையும் ரத்தசோகைக்கு மருந்தாகவே கொடுத்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இது புரியும். ரத்தம் குறைந்தவருக்கு மருந்தான அதே குணம், ரத்தம் சரியாக இருப்பவருக்கு வம்பாகிறது.

மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பதுதான் ஹெமட்டோக்ரிட். ஆண்களுக்கு ஏறக்குறைய 40 முதல் 50 வரையும், பெண்களுக்கு 36 முதல் 45 வரையும் இருக்கலாம். இது ஏற ஏற ரத்தத்தின் பிசுபிசுப்பும் கூடுகிறது, அதுவும் 50ஐத் தாண்டிய பிறகு வேகமாக. ஏற்றம் பெரும்பாலும் முதல் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தெரிந்துவிடும். டோஸ் எவ்வளவு பெரிதோ ஏற்றமும் அவ்வளவு. தோலில் தடவும் ஜெல்லைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் போடும் ஊசியில் உச்சம் அதிகம் என்பதால் ஹெமட்டோக்ரிட்டும் அதிகம் ஏறும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஆகவே மருந்தை நிறுத்திய மறுவாரமே எண் இறங்கிவிடாது, சில மாதம் பிடிக்கும்.

பரிசோதனையைச் சரியாக எடுப்பது

தேவைப்படுபவை இரண்டுதான்: சி.பி.சி. எனப்படும் முழு ரத்த எண்ணிக்கை, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சீரம் ஃபெரிட்டின். மருந்து தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு மூன்றாம் மாதம், ஆறாம் மாதம். மருத்துவச் சிகிச்சையின் அளவைத் தாண்டி எடுப்பவர்கள் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தொடங்கும் முன்பே ஹெமட்டோக்ரிட் 48, 50 என்று இருப்பவருக்கு ஆபத்து அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. மருத்துவர்கள் சிகிச்சைக்காகக்கூட அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் தொடங்கத் தயங்குவார்கள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் காலையில் தண்ணீர் குடிக்காமல், முந்தைய இரவு வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்துவிட்டுப் போனால் எண் இரண்டு மூன்று புள்ளி பொய்யாக ஏறும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சுருங்கியிருக்கும், அவ்வளவுதான். போட்டிக்காக உடம்பை வறட்டியவர்கள், நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பொய் எண்ணைப் பார்த்துப் பதறிப் போவது வழக்கம். முதல்நாள் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள், கடும் பயிற்சியைத் தள்ளிவையுங்கள், காலையில் எடுங்கள். எல்லை தாண்டிய எண் வந்தால், ஓரிரு வாரத்துக்குள் அதே ஆய்வகத்தில் இன்னொரு முறை எடுத்து உறுதிசெய்த பிறகே முடிவு.

ஆணுக்கு ஹெமட்டோக்ரிட் 50க்குக் கீழே இருந்தால் ரத்தம் வெளியேற்ற வேண்டிய காரணமே இல்லை. 50ஐத் தாண்டினால் டோஸைக் குறைப்பது பற்றியும் மற்ற காரணங்கள் பற்றியும் மருத்துவரிடம் பேச வேண்டும். 54 என்பது நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் வழிகாட்டுதலில் உள்ள கோடு. அதைத் தாண்டினால் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தி, எண் பாதுகாப்பான அளவுக்கு இறங்கிய பின் குறைந்த டோஸில் மறுபடி தொடங்குவதா என்று பார்ப்பார்கள். 54க்குக் கீழே எல்லாம் நலம் என்று இதற்குப் பொருளில்லை. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை பெற்ற ஆண்களைப் பற்றி 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஹெமட்டோக்ரிட் 52ஐத் தொட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், ரத்தக்கட்டு ஆகியவை முதல் வருடத்தில் மற்றவர்களைவிட அதிகம் வந்திருந்தன.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

இங்கேதான் பலர் தவறுகிறார்கள், அந்தத் தவறின் விலையைக் கொடுப்பவர் முகம் தெரியாத வேறொருவர். ரத்த வங்கியில் நிரப்பும் படிவத்தில், மருத்துவர் எழுதித் தராத எதையாவது ஊசியில் போட்டுக்கொண்டீர்களா என்ற கேள்வி இருக்கும். பல நாடுகளில் உடற்கட்டு மருந்துகளும் இந்தக் கேள்விக்குள் வரும், கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். சில இடங்களில் காத்திருப்பு இன்னும் நீளம். எல்லா ரத்தத்தையும்தான் சோதிக்கிறார்களே, பிறகு எதற்கு இந்தக் கேள்வி? எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி ஆகியவை உடலில் புகுந்த முதல் நாட்களில் எந்தச் சோதனையிலும் சிக்காத ஓர் இடைவெளி உண்டு. ஊசியைப் பகிர்ந்ததாலும் பலரும் ஒரே குப்பியிலிருந்து உறிஞ்சியதாலும் இவை பரவியிருக்கின்றன. "நான் எப்போதும் புது ஊசிதான்" என்று நீங்கள் சொல்லலாம். கள்ளத்தனமாகத் தயாரான குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாது.

கூடவே எடுக்கும் மாத்திரைகளையும் மறைக்கக் கூடாது. முடி கொட்டாமல் இருக்க ஃபினாஸ்டரைடு, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுப்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. இவை இருக்கும் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறினால் கருவில் குறைபாடு உண்டாகலாம். இரண்டுக்கும் பெரும்பாலான இடங்களில் கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். டூட்டாஸ்டரைடு உடலை விட்டு வெளியேற நீண்ட நாள் பிடிக்கும் என்பதால் அதற்கு ஆறு மாதம்.

மருத்துவர் எழுதிய சீட்டுடன் டெஸ்டோஸ்டிரோன் போடுபவரை ஏற்பதா என்பது நாட்டுக்கு நாடு, வங்கிக்கு வங்கி மாறும். தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ரத்த வங்கி மறுத்தால் வழி அடைபட்டது என்று நினைக்க வேண்டாம். ஹெமட்டோக்ரிட் ஏறிய ஒருவருக்குச் சிகிச்சையாகவே ரத்தம் எடுப்பார்கள். அதே நாற்காலி, அதே ஊசி, அதே பை. மருத்துவர் சீட்டு வேண்டும், எடுத்த ரத்தம் பெரும்பாலும் அழிக்கப்படும். ஸ்டீராய்டு எடுப்பவருக்குப் பொருத்தமான வழி இதுதான்: யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, அளவை மருத்துவர் தீர்மானிப்பார், பின்தொடர்ந்தும் பார்ப்பார். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால் நேராக இப்படிச் சொல்லுங்கள்: "டாக்டர், நான் எட்டு மாசமா டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுட்டு இருக்கேன், வாரத்துக்கு இவ்வளவு மில்லிகிராம். ஹெமட்டோக்ரிட் 54 வந்திருக்கு, ரெண்டு தடவை பாத்துட்டேன். ரத்தம் எடுக்கணுமா, இல்ல மருந்தைக் குறைச்சாப் போதுமா?" டோஸை மறைத்துப் பேசினால், இல்லாத நோயைத் தேடி மருத்துவர் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

வீட்டிலேயே ஊசி குத்தி ரத்தத்தை வடிப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எவ்வளவு வெளியேறியது என்று தெரியாது, தமனியிலோ உணர்வு நரம்பிலோ குத்திவிடலாம், தனியாக இருக்கும்போது மயங்கி விழுந்தால் குழாயை அடைக்க ஆள் இருக்காது.

எடுக்கும் நாளில்

முந்தைய இரவு நல்ல தூக்கம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பாடு, கிளம்பும்போது அரை லிட்டர் தண்ணீர். ரத்தக் கொதிப்பு அளவுக்கு மீறி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் கொதிப்பு ஏறுவது சாதாரணம், ஆகவே அந்த வாரத்தில் வீட்டில் ஒன்றிரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் குடிக்கும் காஃபீன் பொடியை அன்று தொடாதீர்கள்.

ஊசி சற்றுத் தடிமன்தான், பொதுவாக 16 கேஜ். மெல்லிய ஊசியில் சிவப்பணு சிதையும், நேரமும் ஆகும். பை 450 மி.லி. பிடிக்கப் பத்து நிமிடம் போதும். கெட்டியான ரத்தம் மெதுவாக இறங்கும், குழாயிலேயே உறைந்து நிற்பதும் உண்டு. கையில் கொடுக்கும் பந்தைச் சில நொடிக்கு ஒருமுறை அழுத்தி விடுங்கள், கையை அசைக்காதீர்கள். உதட்டோரம் குளிர்ந்து வியர்த்தாலோ, கொட்டாவி மேல் கொட்டாவி வந்தாலோ, காது அடைத்தாலோ அப்போதே சொல்லிவிட வேண்டும். மயக்கத்தின் முன்னறிவிப்பு அது. நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் அதோடு சரியாகும். தசை திரண்ட பெரிய உடம்புக்காரர் மயங்க மாட்டார் என்பது வெறும் நம்பிக்கை.

முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடித்துக் கையை நேராக வையுங்கள். மடக்கினால் உள்ளே ரத்தம் கசிந்து நீலம் பாரிக்கும். பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்து ஏதாவது குடித்துவிட்டுக் கிளம்பலாம். அன்று முழுக்க எடை தூக்கக் கூடாது. குறிப்பாக டெட்லிஃப்ட், ரோயிங் போல அந்தக் கையை இழுக்கும் எதுவும் வேண்டாம். மூச்சு வாங்கும் பயிற்சிகளில் ஓரிரு வாரம் திணறல் இருக்கும், அதை மருந்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

பை நிறைந்த நொடியிலேயே ஹெமட்டோக்ரிட் இறங்கிவிடாது. வெளியேறியது பிளாஸ்மாவும் சிவப்பணுவும் கலந்த முழு ரத்தம், உள்ளே மிச்சமிருப்பதும் அதே கலவைதான். அடுத்த ஒன்றிரண்டு நாளில் உடல் பிளாஸ்மாவை நிரப்பும்போதுதான் எண் நீர்த்து இறங்கும், ஒரு பைக்குச் சுமார் மூன்று புள்ளி. ஆகையால் மறுபரிசோதனையை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கெட்டுப்போகிறது: இரும்புச்சத்து

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 17.5 கிராம் உள்ளவரின் 450 மி.லி. பையில் ஏறக்குறைய 79 கிராம் ஹீமோகுளோபின் போகிறது, அதாவது 268 மில்லிகிராம் இரும்பு. ஃபெரிட்டினில் ஒரு புள்ளி என்பது தோராயமாக 8 மில்லிகிராம் சேமிப்பு. ஒரே பையில் முப்பது புள்ளிக்கு மேல் காலி! ஃபெரிட்டின் 90இல் தொடங்கியவருக்கு மூன்று பையோடு களஞ்சியம் துடைத்துவிட்டது போலாகும். சாப்பாட்டிலிருந்து உடல் நாளொன்றுக்கு எடுத்துக்கொள்வது சாதாரணமாக ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதிலும் ஒரு மில்லிகிராம் அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். தேவை கூடும்போது உறிஞ்சல் கொஞ்சம் ஏறினாலும், மூன்று மாத இடைவெளிக்குள் போனது திரும்பி வருவது கடினம்.

இப்போது ஒரு ரிப்போர்ட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் பரிசோதனையில் சிவப்பணு எண்ணிக்கை 63 லட்சம், ஒரு பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 84, ஹெமட்டோக்ரிட் 53. வருடத்துக்கு நாலைந்து பை கொடுத்த பிறகு சிவப்பணு 64 லட்சம், எம்.சி.வி. 73, ஹெமட்டோக்ரிட் 47, ஃபெரிட்டின் 9. ஹெமட்டோக்ரிட்டை மட்டும் பார்ப்பவர் வெற்றி என்பார். எண்ணிக்கை துளியும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். மஜ்ஜை அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இரும்பில்லாமல் சின்னதும் வெளிறியதுமான பணுக்களை உருவாக்குகிறது, அவை இடத்தைக் குறைவாக அடைப்பதால் சதவீதம் இறங்கியிருக்கிறது. இது குணமல்ல, பட்டினி.

இதன் அடையாளங்கள் ஸ்டீராய்டின் பக்கவிளைவு என்றோ அதிகப் பயிற்சியின் களைப்பு என்றோ தவறாக எடுத்துக்கொள்ளப்படும்: ஓயாத அசதி, செட்டுக்கு நடுவே மூச்சு அடங்காமை, முடி உதிர்தல், இரவில் கால் ஓரிடத்தில் இருக்காமை, ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றும் வினோத ஆசை. இரும்பு குறைந்தால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஏறுவதும் உண்டு. ரத்தக்கட்டுக்குப் பயந்து ரத்தம் கொடுத்தவருக்கு இது வேண்டாத விருந்தாளி.

எனவே ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால், ஹெமட்டோக்ரிட் என்ன சொன்னாலும் அடுத்த பை பற்றி மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். அதற்காகக் கடையில் இரும்பு மாத்திரை வாங்கி நீங்களாக விழுங்கினாலும் சிக்கல்தான். ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது இரும்பு கிடைத்தால் மஜ்ஜை மகிழ்ச்சியோடு மறுபடி சிவப்பணுவைக் குவிக்கும், எண் சில வாரத்தில் பழைய இடத்துக்கே வரும். ரத்தம் எடுத்தல், இரும்பு கொடுத்தல், மறுபடி எடுத்தல் என்ற இந்தச் செக்கிலிருந்து வெளியே வர ஒரே வழி டோஸைக் குறைப்பதுதான்.

அடிக்கடி எடுப்பதில் இன்னொரு கோளாறு, ரத்தம் போனதை உணர்ந்த சிறுநீரகம் எரித்ரோபொயட்டினை இன்னும் கூட்டும். இரண்டு பைகளுக்கு நடுவே நாடுகள் 8 வாரம் முதல் 3, 4 மாதம் வரை இடைவெளி வைத்திருப்பது காரணத்தோடுதான். ஒரு வங்கியில் கொடுத்த அடுத்த மாதமே இன்னொரு வங்கிக்குப் போய் அந்த இடைவெளியைத் தாண்டுவது உங்களையே வெட்டிக்கொள்வது. சிகிச்சையாக எடுக்கும்போது மருத்துவர் இதைவிடக் குறைந்த இடைவெளி சொல்லலாம். அங்கே அவர் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேறு காரணம் இருக்கிறதா?

ஹெமட்டோக்ரிட் ஏறினால் எல்லாப் பழியையும் ஊசி மேல் போட்டுவிட்டு வேறொன்றைத் தவறவிடக் கூடாது. முதல் சந்தேகம் தூக்கத்தில் மூச்சுத் தடை. கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டருக்கு மேல், பெருங்குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூக்கம் என்று இருந்தால் தூக்கப் பரிசோதனை அவசியம். கழுத்தில் இருப்பது கொழுப்பா தசையா என்று மூச்சுக்குழாய் பார்ப்பதில்லை. இரவெல்லாம் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் சிவப்பணுவைக் கேட்டுக்கொண்டே இருக்கும். மூச்சுத் தடைக்குச் சிகிச்சை எடுத்தாலே சிலருக்கு எண் இறங்கும். புகைபிடித்தலும் அதே வேலையைச் செய்கிறது. ஊசியை நிறுத்தி மாதங்கள் ஆகியும் எண் இறங்கவில்லை, கூடவே வெள்ளணுவும் தட்டணுவும் ஏறியிருக்கின்றன, குளித்தபின் உடல் அரிக்கிறது என்றால் மஜ்ஜையின் நோயான பாலிசைத்தீமியா வேராவைத் தேட வேண்டும். அதற்கு ஜே.ஏ.கே.2 என்ற மரபணுச் சோதனை உண்டு. அந்த நோயில் இலக்கே வேறு, ஹெமட்டோக்ரிட்டை 45க்குக் கீழே வைக்க வேண்டும்.

டோஸைக் குறைப்பது, பெரிய ஊசிக்குப் பதில் சிறு அளவாகப் பிரிப்பது, சிகிச்சை பெறுபவர் என்றால் ஜெல்லுக்கு மாறுவது ஆகிய எல்லாம் உற்பத்தியின் வேகத்தையே தணிப்பவை. முழுவதும் நிறுத்துவதுதான் உறுதியான தீர்வு. ஆனால் சடாரென்று நிறுத்தினால் உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோன் எழும்ப மாதங்கள் ஆகலாம், அந்த நாட்களில் மனச்சோர்வு கடுமையாக வரக்கூடும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

ரத்தம் கொடுப்பதால் தொடக்கூட முடியாதவை

ஹெமட்டோக்ரிட் 46 என்று வந்ததும் இதயம் பத்திரம் என்று நினைத்துவிடுவது மிகப் பெரிய ஏமாற்றம். நல்ல கொழுப்பான எச்.டி.எல். சரிவதை எந்தப் பையும் தடுக்காது. ஸ்டானோசோலோல் போன்ற வாய்வழி மாத்திரையில் அந்தச் சரிவு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியும் போகலாம். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிப்பதும், இதயத் தசை பலவீனப்படுவதும், கொதிப்பும், கல்லீரல் பாதிப்பும், விரை சுருங்குவதும் அப்படியேதான் இருக்கும். ஆகவே சி.பி.சி.யோடு கொழுப்பு அளவுகள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் சேர்த்து எடுங்கள். சில வருடம் எடுத்தவர்கள் இதயத்துக்கான எக்கோ ஸ்கேன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ரத்தக்கட்டும் ஹெமட்டோக்ரிட்டை மட்டும் நம்பி வருவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை பற்றி 2023இல் முடிவு வெளியான டிராவர்ஸ் ஆய்வில் சுமார் 5,200 ஆண்கள் பங்கெடுத்தார்கள். மருந்து பெற்றவர்களில் 0.9 சதவீதம் பேருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 0.5 சதவீதம் பேருக்கும் நுரையீரலில் ரத்தக்கட்டு வந்தது. அது மருத்துவக் கண்காணிப்பில், சாதாரண அளவை எட்டுவதற்காகக் கொடுத்த டோஸ்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு முட்டினால், நெஞ்சு அழுத்தினால், முகம் ஒருபக்கம் கோணினால், பேச்சு குழறினால், ஒரு கண்ணில் பார்வை மங்கினால் ரத்த வங்கியைத் தேடாதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் கேள்விக்கு முன்பே ஸ்டீராய்டின் பெயர், டோஸ், கடைசி ஊசி போட்ட நாள் மூன்றையும் சொல்லிவிடுங்கள். முப்பது வயதுக்காரருக்கு மாரடைப்பு என்று முதலில் யாரும் நினைக்க மாட்டார்கள். அந்த மூன்று தகவல் அவர்களை உடனே சரியான பரிசோதனைக்குத் திருப்பும்.